ஊசித்துளைக் குப்பி

ஆறு கடலோடு சேருகிற இடத்தில் ஒரு துறைமுக ஊர் இருந்தது. யவனக் கப்பல்கள் வந்துபோன காலம். அந்த ஊரில் பூதி அம்மை என்பவள் தைலக் குப்பிகள் செய்தாள். உள்ளங்கையில் அடங்குகிற சின்ன மண் குப்பிகள். சந்தனத் தைலமும் அகில் எண்ணெயும் அவற்றில் அடைபட்டுக் கடல் தாண்டிப் போயின.

அவளுக்கு ஒரு சீடன் இருந்தான். சேந்தன் என்று பெயர். அவளைவிட மிக மூத்தவன். முன்பு உப்பு வண்டி ஓட்டியவன்.

வயதான சீடன் என்றால் அடக்க ஒடுக்கமாக இருப்பான் என்று நினைத்துவிட வேண்டாம். சேந்தனுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. கண்ணை மூடி உட்காரச் சொன்னால், கூரையில் எந்த ஓலை பிய்ந்திருக்கிறது என்று ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பான். மண்ணைப் பிசையச் சொன்னால் அது குழைந்த பிறகும் விடமாட்டான். அம்மைதான் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

அப்படிப்பட்டவன் அவளிடம் வந்து சேர்ந்ததற்கு ஒரு குப்பிதான் காரணம்.

அந்த ஊரில் இறந்தவர்களைப் பெரிய தாழியில் வைத்துப் புதைப்பார்கள். கூடவே ஒரு குப்பி வாசனை எண்ணெய் வைக்க வேண்டும். தாழியை மூடும் முன், ஊர்ப் பெரியவர் குப்பியின் வாயில் விரல் நுனியை விட்டுப் பார்ப்பார். எண்ணெய் விரலில் பட்டால் "நிறை" என்று குரல் கொடுப்பார். படாவிட்டால் "குறை" என்பார்.

சொல் என்னவோ சின்னதுதான். ஆனால் அந்தக் குறை இடுகாட்டோடு நிற்காது, வீடுவரை கூட வரும். குறை போனவள் புருஷன், குறை போனவன் மகள் என்றுதான் ஊர் கூப்பிடும். பேத்திக்கு மாப்பிள்ளை பார்க்கிற காலத்திலும் யாராவது அதை ஞாபகமாக எடுத்துச் சொல்வார்கள்.

சேந்தனின் மனைவி எயினி இறந்த அன்று, அவள் தலைக்குத் தடவி மிச்சம் வைத்த எண்ணெய்தான் வீட்டில் இருந்தது. ஒரு சிப்பியின் அடியை நனைக்கிற அளவு. அதை எடுத்துக்கொண்டு சேந்தன் பூதி அம்மையிடம் போனான். கேட்கவே கூச்சமாக இருந்தது. வாசலில் நின்றே சிப்பியை நீட்டினான்.

அம்மை பரணில் இருந்து ஒரு குப்பியை எடுத்தாள். சிப்பியைச் சரித்தாள். எண்ணெய் ஏறி ஏறிக் குப்பியின் வாய்வரை வந்து நின்றது.

"எப்படி அம்மை இது?"

"நீரு கொண்டாந்ததுதான் இருக்கு. நான் ஒண்ணும் ஊத்தல."

எயினி நிறையோடு போனாள். சேந்தன் வண்டியையும் மாடுகளையும் தம்பியிடம் விட்டுவிட்டு அம்மையிடம் மண் பிசைய வந்துவிட்டான். எண்ணெயைப் பெருக்கிய கை தன் மனசையும் ஒரு நாள் அடக்கிவிடும் என்று நம்பினான். அந்த நம்பிக்கையில்தான் சாப்பிட்டான், அந்த நம்பிக்கையில்தான் தூங்கினான்.

வருஷங்கள் போயின. மனசு அடங்கவில்லை. நம்பிக்கை மட்டும் அப்படியே இருந்தது.

ஒரு சமயம் அம்மைக்குக் காய்ச்சல் வந்தது. குப்பி வனைவதும் சூளை அடுக்குவதும் எப்போதும் அவள் வேலைதான். வனைகிற அறைக்குள் சேந்தன் போனதே இல்லை. அன்று எழுந்திருக்க முடியாமல், "சூளையை நீரே அடுக்கிரும்" என்று படுக்கையில் இருந்தே சொல்லிவிட்டாள்.

சேந்தனுக்குத் தலைகால் புரியவில்லை. காய்ந்த பச்சைக் குப்பிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து அடுக்கினான். சில குப்பிகளின் தோளுக்குக் கீழே ஊசியால் குத்தியது போல ஒரு துளை இருந்தது. காய்ச்சலில் அம்மைக்குக் கை தவறிவிட்டது என்று நினைத்தான். பாவம் என்றுகூட நினைத்தான். குழைத்த களிமண்ணை விரலில் தொட்டு எல்லாத் துளைகளையும் அடைத்தான். அடைத்த இடம் தெரியாமல் ஈர விரலால் வழித்துவிட்டான். பெரிய உதவி செய்த திருப்தியோடு தீ மூட்டினான்.

பொழுது சாய்கிற நேரத்தில் சூளைக்குள் ஒரு சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு படபடவென்று வெடிக்கத் தொடங்கியது. தெருவே கூடிவிட்டது. கொதிக்கிற சூளைக்குள் கையை விட முடியாது. சேந்தன் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தான். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்கள். அவனுக்குக் கால் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

விடிந்து சூடு தணிந்ததும் சூளையைப் பிரித்தான்.

கப்பலுக்குப் போகிற துளையில்லாத குப்பிகளில் சில தப்பியிருந்தன. அவன் அடைத்த குப்பிகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஓடுகளை அள்ளிக் கூடையில் போடும்போது, ஒரு குப்பியின் கழுத்து முழுசாகக் கையில் வந்தது. கழுத்துக்குக் கீழே, பாக்கு அளவில் ஒரு சின்னக் கிண்ணம் ஒட்டிக்கொண்டிருந்தது.

சேந்தன் இன்னொரு கழுத்தைத் தேடி எடுத்தான். அதிலும் கிண்ணம். அடுத்ததிலும் கிண்ணம்.

வெளியே பார்த்தால் குப்பி. உள்ளே எண்ணெய் நிற்கிற இடம் அந்தக் கிண்ணம் மட்டும்தான். சுற்றிலும் கீழும் வெற்றிடம்.

சேந்தன் அந்த உடைந்த கழுத்தைக் கையில் பிடித்தபடியே அம்மை படுத்திருந்த இடத்துக்குப் போனான். தூரத்தில் இடுகாட்டுப் பக்கம் பறைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"என்ன அம்மை இது?"

அம்மை தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"துளையை அடைச்சது யாரு?"

"நான்தான். எண்ணெய் ஒழுகிருமேன்னு அடைச்சேன்."

"உள்ள இருக்கிற காத்து வேகும்போது போக வழி வேணும்லா. இல்லன்னா வெடிக்கத்தான் செய்யும்."

"காத்துதான். அதைத்தான் கேக்கேன்." சேந்தன் குரல் உயர்ந்துவிட்டது. "எயினி குப்பியும் இப்படித்தானா?"

"ஆமா."

அவள் மழுப்புவாள் என்று அவன் எதிர்பார்த்திருந்தான். ஒரு விளக்கம், ஒரு கதை, ஏதாவது. ஆமா என்ற அந்த ஒரு சொல் அவனைச் சுவரில் சாய வைத்தது.

"அப்ப எண்ணெய் பெருகல."

"இல்ல."

"அவளுக்கு நான் வெறுங் காத்தை மூடிக் குடுத்து அனுப்பிருக்கேன். இதைப் பெரிய அதிசயம்னு நம்பி, மாட்டை விட்டு, வீட்டை விட்டு உங்க மண்ணைப் பிசைஞ்சுக்கிட்டுக் கிடக்கேன்."

சேந்தன் உட்கார்ந்தான், எழுந்தான், வாசல்வரை போய்த் திரும்பி வந்தான்.

"நான் போய் அவ தாழியைத் தோண்டிப் பாக்கப் போறேன்."

"சரி."

"ஊரைக் கூட்டி எல்லாருக்கும் காட்டப் போறேன்."

அம்மை போர்வையை விலக்கிவிட்டு மெல்ல எழுந்தாள். மூலையில் இருந்த மண்வெட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். பிறகு பரணில் கையை விட்டுத் துழாவி ஒரு குப்பியை எடுத்தாள். பழைய சூளையில் வெந்தது. தோளுக்குக் கீழே ஊசித்துளை இருந்தது.

"துளை வச்சதுல இருக்கிறதே இது ஒண்ணுதான். ஊருக்குக் காட்டணும்னா உடையாத ஒண்ணு வேணும்லா. எடுத்துக்கிட்டுப் போம்."

சேந்தன் அதைப் பிடுங்காத குறையாக வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு புறப்பட்டான்.

வழியெல்லாம் பேசிப் பார்த்துக்கொண்டே போனான். 'ஊராரே, இதைப் பாருங்க' என்று தொடங்கலாம். அது சந்தையில் மீன் விற்கிற மாதிரி இருந்தது. 'நாம எல்லாரும் ஏமாந்துட்டோம்' என்று தொடங்கலாம். அது நன்றாக இருந்தது. அதைச் சொல்லிக் குப்பியைக் கல்லில் அடித்து உடைக்க வேண்டும். கிண்ணம் தெறித்து விழும். எல்லாரும் வாயடைத்துப் போவார்கள். அதற்கு மேல் என்ன நடக்கும் என்று அவன் யோசிக்கவில்லை.

இடுகாட்டில் எயினியின் தாழி இருந்த இடம் அவனுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். பக்கத்தில் ஒரு பனை. ஆனால் அங்கே அவன் தனியாக நிற்க முடியவில்லை. பனைக்கு அந்தப் பக்கம் ஒரு சாவுக் கூட்டம் நின்றது. காலையில் இருந்து கேட்ட பறை அவர்களுடையதுதான்.

கருவாடு காயப்போடுகிற சாத்தியின் புருஷன் இறந்திருந்தான். முத்துக் குளிக்கப் போனவன் மூச்சு முட்டி உயிரோடு மேலே வரவில்லை. தாழிக்குள் அவனைக் குத்துக்கால் வைத்து உட்கார்த்தியிருந்தார்கள். சாத்தி கையில் ஒரு யவனக் குப்பி இருந்தது. கப்பல்காரர்கள் எண்ணெய் தீர்ந்ததும் கரையில் எறிந்துவிட்டுப் போகிற குப்பி. நல்ல அழகுதான். கழுத்து மெல்லிசு, வயிறு பெரிசு. அதற்குள் சாத்தியின் எண்ணெய் அடியிலே எங்கோ கிடந்தது.

ஊர்ப் பெரியவர் கொற்றன் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். சாத்தி குப்பியைக் கொடுக்கவில்லை. கொடுத்தால் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். கூட்டத்தில் இருந்தவர்களுக்கும் தெரியும். அவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சாத்தி நிமிர்ந்தபோது சேந்தனைக் கண்டாள். வேட்டியெல்லாம் சூளைச் சாம்பல், கையில் மண்வெட்டி.

"ஐயா, நீங்க பூதி அம்மை வீட்டு ஆளுதானே?"

"ஆமா."

"நேத்தே அம்மைகிட்ட வரணும்னு கிளம்பினேன். சூளை வெடிச்சுட்டு, குப்பி ஒண்ணும் தேறாதுன்னு எல்லாரும் சொன்னாங்க. ஒண்ணுகூட மிஞ்சலையா ஐயா?"

சூளை வெடித்தது யாரால் என்று அவளுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும்.

"நேரம் ஆகுது தாயி" என்றார் கொற்றன். "குடு."

சாத்தி குப்பியை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவள் கைவிரல்களில் மீன் செதில் காய்ந்து ஒட்டியிருந்தது. எயினிக்காகச் சிப்பியை நீட்டியபோது தன் விரலில் உப்பு பூத்திருந்தது சேந்தனுக்கு ஞாபகம் வந்தது. அன்று வாசலில் நின்ற கூச்சம் அப்படியே திரும்பி வந்து முகத்தில் ஏறியது.

'நாம எல்லாரும் ஏமாந்துட்டோம்' என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்த பேச்சு வாய்வரை வந்தது. வாயைத் திறந்தான்.

"ஒண்ணு மிஞ்சியிருக்கும்மா" என்றான்.

மண்வெட்டியைக் கீழே போட்டான். இடுப்பில் இருந்த குப்பியை எடுத்தான். சாத்தி கையில் இருந்த யவனக் குப்பியை வாங்கி, அதன் வாயில் கவிழ்த்துப் பிடித்தான். எண்ணெய் நூலாக இறங்கியது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டான். எண்ணெய் ஏறி ஏறி வாய்வரை வந்து நின்றது. அது எதன் மேல் நிற்கிறது என்று இந்தத் தடவை அவனுக்குத் தெரியும். தெரிந்தும், அது வாய்க்கு வந்தபோது அவனுக்கு மூச்சே நின்று வந்தது.

கொற்றன் குப்பியை வாங்கினார். விரல் நுனியை விட்டார். எண்ணெய் பட்டது. ஆனால் அவர் உடனே குரல் கொடுக்கவில்லை. அவருடைய பெருவிரல் குப்பியின் தோளுக்குக் கீழே போய் ஓரிடத்தில் நின்றது. அந்த இடத்தை மெல்லத் தடவியது. அவர் சேந்தனை ஏறிட்டுப் பார்த்தார்.

சேந்தன் கீழே கிடந்த மண்வெட்டியைப் பார்த்தான்.

கொற்றன் துளை இருந்த பக்கம் தன் உள்ளங்கைக்குள் மறைகிற மாதிரி குப்பியைத் திருப்பிப் பிடித்தார்.

"நிறை!" என்றார். பனை உச்சியில் இருந்த காக்கை பறந்தது. அவ்வளவு சத்தமாகச் சொன்னார்.

மெழுகு வைத்துக் குப்பியை மூடினார்கள். தாழியையும் மூடினார்கள். கூட்டம் கலையும்போது சாத்தி அவனிடம் வந்தாள். அழுது அழுது அவள் குரல் கம்மிப் போயிருந்தது.

"கொஞ்சந்தானே இருந்துச்சு ஐயா. எப்படி நிறைஞ்சுது?"

சேந்தன் பனையைப் பார்த்தான். எயினி இருந்த இடத்தைப் பார்த்தான்.

"நீ கொண்டாந்ததுதாம்மா இருக்கு. நான் ஒண்ணும் ஊத்தல."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தைகள் யாருடையவை என்று அவனுக்கு உறைத்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. சாத்தி அவன் காலைத் தொடக் குனிந்தாள். அவன் துள்ளி விலகி, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஏறக்குறைய ஓடினான்.

வீட்டுக்கு நேராகப் போகவில்லை. ஆற்றங்கரையில் நடந்தான். உப்பளம்வரை போனான். தம்பியின் வண்டியைத் தூரத்தில் பார்த்துவிட்டு, கண்ணில் படாமல் வேறு வழியாகத் திரும்பினான். வெயில் இறங்கிய பிறகு வந்து சேர்ந்தான்.

பூதி அம்மை போர்வையைப் போர்த்திக்கொண்டு சக்கரத்துக்குப் பக்கத்தில் மண் பிசைந்துகொண்டிருந்தாள்.

"மண்வெட்டியில மண்ணையே காணோம்" என்றாள்.

"வெட்டல."

"குப்பி?"

"ஒரு பொம்பளைக்குக் குடுத்துட்டேன்."

அம்மை தலையாட்டினாள். பிசைவதை விடவில்லை. சேந்தன் நின்றான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான்.

"கொற்றனுக்குத் தெரியும்போல இருக்கு."

"அவுக அம்மா போனப்ப அவரும் ஒண்ணு வாங்கிட்டுப் போனாரு. திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே போனாரு."

"அப்பவே கேட்டாரா?"

"கேக்கல."

சேந்தன் அவள் முன்னால் வந்து குந்தினான்.

"அம்மை, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்தக் கிண்ணத்துக்குக் கீழ, மிச்ச இடத்துல, எயினிக்கு நான் என்னத்தக் குடுத்து அனுப்புனேன்?"

அம்மை கையை நிறுத்தினாள்.

"இன்னைக்கு ஊத்துனது நீரு. எங்கிட்டயா கேக்கீரு?"

சேந்தனுக்கு அழுகை வந்தது. எயினி போன அன்று அவன் அழவே இல்லை. குப்பி நிறைந்த அதிசயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதில் அழ மறந்திருந்தான். இப்போது உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதான். அம்மை அவனைத் தேற்றவில்லை. அவன் அழுது முடிக்கிறவரை பக்கத்திலேயே இருந்தாள்.

பிறகு பிசைந்த மண்ணில் ஒரு சின்ன உருண்டையைக் கிள்ளி அவன் கையில் வைத்தாள்.

"முதல்ல கிண்ணம். அதைச் சுத்தித்தான் குப்பி."

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு கட்டைவிரலால் உருண்டையை அமுக்கினான். கிண்ணம் கோணலாக வந்தது. அழித்துவிட்டு மறுபடி அமுக்கினான். அப்போதும் கோணல். அவன் கால்கள் எழுந்து எங்காவது போகலாமா என்று அரித்துக்கொண்டுதான் இருந்தன. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"அம்மை."

"ம்."

"அந்தப் பொம்பளை ஒரு நாள் இங்க வருவா. என்னைய மாதிரியே வந்து நின்னு, எப்படின்னு கேப்பா. நான் என்ன சொல்ல?"

"உக்கார வச்சு மண்ணு பிசையச் சொல்லும்."

"அவ்வளவுதானா?"

அம்மை கூரை ஓலையில் குத்தி வைத்திருந்த ஊசியை உருவி அவனிடம் நீட்டினாள்.

"துளையை மட்டும் அவ அடைச்சிராம பாத்துக்கிடும்."